நூலகத்தில் ஒரு பாட்டைத் தேடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? காஞ்சியின் ‘காமாட்சி’ சொல்லும் பாடம்

ஏனாத்தூரில் வீடு, ஒரகடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வயலின் வகுப்பு. இப்படி ஒரு இளம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெண் கற்பனைதான், அவருடைய பிரச்சினை நிஜம்.

அவருடைய பாட்டிக்கு அடுத்த மாதம் எண்பது வயது நிறைகிறது. காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். தறிச் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டை இன்றும் முணுமுணுப்பார். அந்தப் பாட்டை அன்றைக்கு வயலினில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பேத்தியின் ஆசை. என்ன பாட்டு என்று கேட்டால் பாட்டியிடமிருந்து வரும் பதில் இவ்வளவுதான்: “காமாட்சின்னு ஆரம்பிக்கும் கண்ணு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு.”

பேத்தி நூலகத்துக்குப் போகிறார்.

“சார், காமாட்சின்னு ஆரம்பிக்கிற பாட்டுக்கு நோட்டேஷன் புத்தகம் இருக்குங்களா?”

“புத்தகத்தோட பேரு என்னம்மா?”

“பேரு தெரியல சார்.”

“எழுதினவரு பேரு?”

“அதுவும் தெரியலையே.”

பெரும்பாலான நூலகங்களில் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். நூலகர் மேல் குற்றம் இல்லை. அவருடைய கணினியில் புத்தகத்தின் பெயராலும் ஆசிரியர் பெயராலும்தான் தேட முடியும். பாட்டு அடங்கிய புத்தகம் மூன்று அலமாரி தள்ளி நின்றுகொண்டிருக்கலாம். இருந்தும் ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும்.

நூலகத்தில் இசை தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் பாட்டு இல்லாதது அல்ல. பாட்டுக்குப் போகும் வழி எழுதி வைக்கப்படாததுதான். அந்த வழியைப் போட கோடிக்கணக்கில் பணமோ புதிய கட்டடமோ தேவையில்லை. தமிழ்ப் பதிப்புலகம் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் ஒரு எளிய வேலையை நூலகங்கள் இசைக்கும் செய்தால் போதும்.

எந்தக் காமாட்சி?

முதலில் பாட்டியின் பாட்டுக்கே வருவோம். ‘காமாட்சி’ என்று தொடங்கும் பாட்டு ஒன்றா, இரண்டா?

சியாமா சாஸ்திரி (1762–1827) ஒருவரிடமிருந்தே குறைந்தது மூன்று உண்டு. பைரவி ராகத்தில் ‘காமாக்ஷி அனுதினமு’, யதுகுலகாம்போதியில் ‘காமாக்ஷி நீ பதயுகமு’ என்று இரண்டு ஸ்வரஜதிகள். வராளியில் ‘காமாக்ஷி பங்காரு காமாக்ஷி’ என்று ஒரு கீர்த்தனை. மூன்றுக்கும் மொழி தெலுங்கு, மூன்றுக்கும் தாளம் மிஸ்ர சாபு. முதல் சொல், இயற்றியவர், மொழி, தாளம் நான்கும் ஒன்றாக இருக்க, ராகம் மட்டும்தான் வேறு. இது போக, முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களும் மற்ற வாக்கேயக்காரர்களின் பாடல்களும் இருக்கின்றன.

இதில் காஞ்சிபுரத்துக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. சியாமா சாஸ்திரியின் முன்னோர் காஞ்சி காமாட்சி கோயிலோடு தொடர்புடையவர்கள். அங்கிருந்த பங்காரு காமாட்சி என்ற தங்கத் திருமேனியைப் போர்க் காலத்தில் பாதுகாப்பாக வெளியே கொண்டுசென்ற பரம்பரை அது. கடைசியில் அந்தத் திருமேனி தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது, அதன் வழிபாட்டோடு அந்தக் குடும்பமும் அங்கே போனது. தஞ்சாவூரில் பாடப்பட்ட பாட்டுக்கு வேர் காஞ்சியில் இருக்கிறது.

தியாகராஜர் காமாட்சியைப் பாடிய ‘விநாயகுனி’ மத்தியமாவதியில் இருக்கிறது. தீட்சிதர் ஏகாம்பரநாதரைப் பாடிய ‘சிந்தய மாகந்த’ பைரவியில் இருக்கிறது, அதற்கு மொழி சமஸ்கிருதம். கச்சி ஏகம்பத்தின் மேல் தேவாரப் பதிகங்கள் தமிழில் இருக்கின்றன. ஒரே ஊரைப் பற்றிய பாட்டுகள் மூன்று மொழிகளில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு புத்தகங்களில் கிடக்கின்றன. ‘எங்க ஊர் பாட்டெல்லாம் எடுத்துக் குடுங்க’ என்று காஞ்சியில் ஒருவர் கேட்டால் நூலகத்தால் கொடுக்க முடியுமா? முடியவேண்டும்.

புத்தகத்துக்கு எண் உண்டு, பாட்டுக்கு?

உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டியூயி தசமப் பகுப்பு முறையில் இசைக்கு 780 என்ற எண். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையிலும் இசைக்குத் தனி இடம் உண்டு. இந்த எண்களின் வேலை, புத்தகத்தை அலமாரியில் சரியான இடத்தில் நிறுத்துவது. அதை அவை நன்றாகவே செய்கின்றன.

இசைப் புத்தகத்தின் இயல்புதான் வேறு. நாவல் தேடி வருபவர் நாவலின் பெயரைச் சொல்வார். இசை தேடி வருபவர் புத்தகத்தின் பெயரைச் சொல்வதில்லை, பாட்டைத்தான் சொல்வார். ஒரு கீர்த்தனைத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருக்கும். அட்டவணையில் அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கும். மீதி எல்லாப் பாட்டும் அட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ இதற்கு நல்ல உதாரணம். தீட்சிதர் கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு பெரிய அளவில் அச்சேறியது அதில்தான். நூலின் எழுத்து தெலுங்கு. தமிழ் எழுத்தில் அதை மியூசிக் அகாடமி 1961 முதல் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கியது. ‘சிந்தய மாகந்த’ வேண்டும் என்று வருபவரிடம் இந்த நூலின் பெயரைச் சொல்லத் தெரிந்த நூலகர் இருந்தால் வேலை முடிந்தது. அவர் ஓய்வுபெற்றுவிட்டால்? தகவலும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

புத்தகங்களில் மட்டும் பாட்டு இல்லை. மியூசிக் அகாடமியின் ஆய்விதழ்களில் அரிய கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு வந்திருக்கின்றன. பழைய வார இதழ்களிலும் வந்ததுண்டு. பத்திரிகைத் தொகுப்பின் நடுப்பக்கத்தில் இருக்கும் பாட்டை எந்தத் தலைப்பை வைத்துத் தேடுவது?

எழுத்து படுத்தும் பாடு

‘கணினியில் போட்டால் வந்துவிடாதா?’ என்ற கேள்வி நியாயமானது. வராததற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, எழுத்துக்கூட்டல். காமாட்சி, காமாக்ஷி, காமாக்ஷீ மூன்றும் ஒன்றுதான் என்று மனிதருக்குத் தெரியும். சாதாரணத் தேடுபொறிக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னும் மோசம், ஒரே பாட்டை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். ஊர்ப் பெயரிலும் இதே கதை. ஆங்கிலேயர் காலத்து அச்சில் காஞ்சிபுரம் ‘கான்ஜீவரம்’ ஆக இருக்கும். இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் அந்தப் பதிவு கண்ணில் படாது.

இரண்டு, ஒலிக்குறி. தமிழில் ‘க’ ஒன்றே நான்கு ஒலிகளுக்கும் நிற்கும். தெலுங்கு, சமஸ்கிருதப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது உச்சரிப்பு மாறாமல் இருக்க எழுத்தின் தலையில் சிறியதாக 2, 3, 4 என்று எண் போடுவது இசைப் புத்தக வழக்கம். பாடகருக்கு அது பெரிய உதவி. அதே பக்கத்தை ஸ்கேன் செய்து கணினியை வாசிக்கச் சொன்னால் சொல்லுக்கு நடுவே எண்கள் புகுந்து சொல்லே உடைந்துபோகும். ஸ்வரங்களுக்கு மேலும் கீழும் இருக்கும் புள்ளிகள் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயியைக் காட்டுபவை. மேலே ஓடும் கோடுகள் வேகத்தைக் காட்டுபவை. கணினி இவற்றைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடக்கூடும்.

மூன்று, ஆளின் பெயர். காஞ்சிபுரத்தின் பெரும் பாடகர் நயினாப் பிள்ளை (1889–1934) சில இடங்களில் நாயனாப் பிள்ளை, சில இடங்களில் நைனாப் பிள்ளை. இயற்பெயரோ சுப்பிரமணிய பிள்ளை. நான்கும் ஒருவரே என்று எங்காவது ஒரு இடத்தில் எழுதி வைத்தால்தான் நான்கு வழியாக வருகிறவர்களும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள்.

ராகம் தெரிந்தால் போதுமா?

பல சமயம் போதும், சில சமயம் அதுவே வழி தவறவைக்கும்.

சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) ராம நாடகக் கீர்த்தனைகளில் ஒன்று ‘யாரோ இவர் யாரோ’. காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் பாடிப் பிரபலமாக்கியது பைரவி ராக வடிவம். பாட்டுக்கு முதலில் இருந்த ராகம் சாவேரி. பைரவி என்று பதிந்திருக்கும் அட்டவணையில் சாவேரி என்று தேடினால் பாட்டு கிடைக்காது. சாவேரி என்று அச்சான பழைய புத்தகம் கிடைத்தாலோ, பட்டம்மாள் பாடியதைக் கேட்டு வந்தவர் ‘இது வேற பாட்டு போல’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆக, ஒரு பாட்டுக்கு ஒரு அடையாளம் போதாது. முதல் வரி, ராகம், தாளம், இயற்றியவர், மொழி, எந்த ஊர், எந்தத் தெய்வம் என்று பல கதவுகள் வேண்டும். வருகிறவர் கையில் எந்தச் சாவி இருக்கிறதோ அந்தக் கதவு திறக்க வேண்டும்.

‘அதான் யூடியூப்ல இருக்கே?’

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. காது குளிரக் கேட்க அது போதும். கற்றுக்கொள்ள, ஆராய, ஒப்பிடப் போதுமா?

யூடியூபில் ஒரு பாட்டின் தலைப்பு, ஏற்றியவர் வைத்த பெயர். ராகத்தைத் தப்பாகப் போட்டிருந்தாலும் திருத்த ஆள் இல்லை. எந்தக் கச்சேரி, எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யார் என்ற விவரம் பல சமயம் இருக்காது. இன்று இருக்கும் காணொளி நாளைக்கு நீக்கப்படலாம்.

இன்னொன்று பாடாந்தரம். ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு குரு பரம்பரையும் கொஞ்சம் வேறு மாதிரி பாடும். மாணவருக்குத் தேவை ‘அந்தப் பாட்டு’ மட்டும் அல்ல, தன் குரு சொல்லிக்கொடுக்கும் வழிக்கு ஒத்துவரும் வடிவம். அதைச் சொல்ல விவரம் தெரிந்த ஆள் வேண்டும். நயினாப் பிள்ளை பாணியைத் தேடி வருகிறவரிடம், “அவர்கிட்ட நேரா பாடம் பண்ணின பிருந்தா, முக்தா சகோதரிகள் பாடினத கேட்டுப் பாருங்க” என்று நூலகர் சொல்ல முடிந்தால், பல மாதத் தேடல் ஒரே நிமிடத்தில் சுருங்கும். வீணை தனம்மாளின் பேத்திகளான அவர்கள் நயினாப் பிள்ளையிடம் தியாகராஜர் கீர்த்தனைகளைக் கற்றவர்கள். இந்தத் தொடர்பைக் காட்டும் குறிப்பை அட்டவணையில் எழுதி வைத்தால், யார் நூலகராக இருந்தாலும் சொல்ல முடியும்.

இணையத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. ‘சங்கீதப்ரியா’ தளத்தில் தன்னார்வலர்கள் கச்சேரிப் பதிவுகளைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்து, ராகமும் இயற்றியவரும் குறித்து வைக்கிறார்கள். லாப நோக்கம் இல்லாத ரசிகர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்ததைப் பொதுப் பணத்தில் நடக்கும் நூலகங்கள் செய்ய முடியாதா?

நூலகர் என்ன கேட்க வேண்டும்?

மறுபடி ஏனாத்தூர்ப் பெண்ணிடம் வருவோம். ‘புத்தகத்தோட பேரு என்ன?’ என்ற கேள்விக்குப் பதிலாக நூலகர் வேறு கேள்விகள் கேட்டிருந்தால்?

“வாசிக்கப் போறீங்களா, கேக்கணுமா, இல்ல வரி மட்டும் போதுமாம்மா?” இதுதான் முதல் கேள்வி. வாசிக்க ஸ்வரக் குறிப்பு வேண்டும். கேட்க ஒலிப்பதிவு. பொருள் தெரிந்துகொள்ள சாகித்தியமும் உரையும் உள்ள புத்தகம். மூன்றும் மூன்று அலமாரி.

“பாட்டி எங்க கேட்டாங்க? ரேடியோவா, கோயிலா, சினிமாவா?” ரேடியோ என்றால் ஒரு திசை, நாதஸ்வரம் என்றால் இன்னொரு திசை.

“பாட்டுல வேற என்ன ஞாபகம் இருக்கு? மெட்டு எப்படிப் போகும்?”

பேத்தி வீட்டுக்குப் போன் போடுகிறார். பாட்டி யோசித்துச் சொல்கிறார்: “ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேல ஏறி, மேல ஏறி ஆரம்பிக்கும் கண்ணு. படி ஏற்ற மாதிரி.”

விவரம் தெரிந்த நூலகருக்கு இது போதும். பைரவி ஸ்வரஜதியின் புகழ்பெற்ற அமைப்பே அதுதான். அதன் எட்டுச் சரணங்களும் ஒவ்வொரு ஸ்வரமாக மேலேறித் தொடங்கும். மூன்று காமாட்சிகளில் பாட்டியின் காமாட்சி எது என்பதற்குத் துப்பு கிடைத்துவிட்டது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, ஒரு பதிவைப் போட்டுக் காட்டி, “இதுதானான்னு பாட்டிகிட்ட கேளுங்க” என்று சொன்னால் முடிந்தது.

நூலக உலகில் இதற்குப் ‘பார்வைச் சேவை’ என்று பெயர். வருகிறவர் கேட்பதை வைத்து, அவருக்கு நிஜமாகவே என்ன தேவை என்று கண்டுபிடிப்பது. ரங்கநாதன் இதை நூலகத்தின் பக்க வேலையாகப் பார்க்கவில்லை, உயிர் வேலையாகப் பார்த்தார். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் வெளிவந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பவை அவற்றில் மூன்று. அருணாசலக் கவிராயரைப் போல ரங்கநாதனும் சீர்காழியோடு பெயர் சேர்ந்தவர், 1892இல் அங்கே பிறந்தவர்.

ஒலிப்பதிவுகள் எங்கே?

ஒலிப்பதிவின் கதை இன்னும் அவசரமானது. புத்தகம் நூறு ஆண்டு தாங்கும். கேசட்டும் ஸ்பூல் டேப்பும் அவ்வளவு தாங்காது. ஈரமும் பூஞ்சையும் ஒரு பக்கம் தின்னும். ஓட்டிக் கேட்கக் கருவி கிடைக்காமல் போவது இன்னொரு பக்கம். பழைய 78 சுழற்சி இசைத்தட்டு கை தவறினால் உடைந்துவிடும். அதில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் பாடும். அதனால் நீண்ட பாட்டைச் சுருக்கியோ இரண்டு பக்கமாகப் பிரித்தோ பதிந்தார்கள். அது என்ன பாட்டு என்று சொல்வது நடுவில் ஒட்டிய லேபிள் மட்டுமே. லேபிள் அழிந்தால் பாட்டுக்கு முகவரியும் அழியும்.

நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தில் ‘யங் இந்தியா’, ‘ஓடியன்’ லேபிள்களின் இந்திய இசைத்தட்டுகள் டிஜிட்டல் ஆக்கப்பட்டன. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் குருகிராமில் இருக்கிறது. சென்னையில் மியூசிக் அகாடமியின் டிஜிட்டல் காப்பகத்தில் கச்சேரிப் பதிவுகளை நேரில் போய்க் கேட்கலாம். 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இசை நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், ஏனாத்தூர்ப் பெண்ணுக்கு இந்தப் பட்டியல் தெரியாது. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குப் போனால் கிடைக்குமா, கிடைக்காதா என்று போகாமலேயே சொல்ல உள்ளூரில் ஆள் வேண்டும். மாவட்ட மைய நூலகத்தின் வேலை எல்லாவற்றையும் வாங்கி வைப்பது அல்ல. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது.

சட்டம் தடுக்கிறதா?

‘காப்பிரைட் பிரச்சினை வரும்’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். பாதிதான் உண்மை.

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை பாட்டுக்கு உரிமை உண்டு. மும்மூர்த்திகளின் பாட்டுகளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாட்டுகளுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கும். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு. பழைய பாட்டைப் புதிதாக ஸ்வரப்படுத்திப் பதிப்பித்தவருக்கு அந்தப் பதிப்பில் தனி உரிமை இருக்கலாம்.

அதே சட்டம் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம். லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்தப் பாட்டு இந்தப் புத்தகத்தில் இத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது’ என்று குறித்து வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தீர்வு பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்

சங்க நூல், தேவாரம், திவ்வியப் பிரபந்தம் என்று எந்தப் பழைய நல்ல பதிப்பையும் எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ இருக்கும். ஒவ்வொரு பாட்டின் தொடக்கச் சொல்லும் அகர வரிசையில், பக்க எண்ணோடு. பாட்டின் முதல் சொல் மட்டும் நினைவிருக்கும் வாசகருக்காக அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் செய்த ஏற்பாடு அது. ஓலைச்சுவடி அட்டவணைகளிலும் சுவடியின் தொடக்க வரியையும் முடிவு வரியையும் தருவது வழக்கம். ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவின் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. சுவடிக்குத் தெரிந்த வித்தை, அச்சுப் புத்தகத்துக்கும் கேசட்டுக்கும் ஏன் போய்ச் சேரவில்லை?

வெளிநாடுகளில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க நூலகர் மின்னி சியர்ஸ் 1926இல் ஒரு பாட்டு அகராதி வெளியிட்டார். 177 பாட்டுத் தொகுப்புகளில் இருந்த 12,000க்கும் மேற்பட்ட பாட்டுகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் புத்தகம் அது. 1952இல் தொடங்கிய சர்வதேச இசை மூலங்கள் பட்டியல், பாட்டின் தொடக்க ஸ்வரங்களையே குறித்து வைத்துத் தேட வழி செய்தது. மோசார்ட்டின் படைப்புகளுக்கு 1862இலேயே வரிசை எண் கொடுத்துவிட்டார்கள். எண்ணைச் சொன்னால் உலகில் எந்த நூலகத்திலும் அதே படைப்பு வரும்.

தமிழிலும் புதிய உதாரணம் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007இல் வெளியிட்ட மின் தேவாரத்தில் பதிகங்களை ஊர்ப் பெயரை வைத்தே தேடலாம்.

காஞ்சியில் என்ன செய்யலாம்?

முதல் வேலை, மாவட்ட மைய நூலகத்திலும் கல்லூரி நூலகங்களிலும் இருக்கும் இசைப் புத்தகங்களைத் தனியே எடுத்து வைத்து ஒரு சாதாரண விரிதாளில் பதிவது. பாட்டுக்கு ஒரு வரி. அதில் முதல் சொற்கள், வேறு எழுத்துக்கூட்டல்கள், ராகம், மாற்று ராகம், தாளம், இயற்றியவர், மொழி, ஊர், புத்தகம், பக்கம், எந்த எழுத்தில் அச்சானது, ஸ்வரக் குறிப்பு உண்டா என்ற விவரங்கள் போதும். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், முந்நூறு பாட்டுள்ள புத்தகத்துக்குப் பத்து மணி நேரம். இரண்டு மாணவர்களுக்கு ஒரு சனி, ஞாயிறு.

இரண்டாவது, காஞ்சிபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. நூலகருக்கு ராகம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தெரிந்தவர்கள் நான்கு தெரு தள்ளி இருக்கிறார்கள். பதிவுகளைச் சரிபார்க்க அவர்களை அழைக்கலாம். நாதஸ்வர வித்வான்களும் ஓதுவார்களும் சொல்லும் ஊர் வழக்குகளையும் சேர்க்கலாம்.

மூன்றாவது, வீடுகளில் கிடக்கும் கேசட்டுகளுக்கு நூலகத்தில் ஒரு நாள் ஒதுக்குவது. எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டாம். என்ன இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

‘படிக்கவே ஆள் வராத காலத்தில் இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தேடி வந்தவர்களை இத்தனை காலம் ‘இல்லம்மா’ என்று திருப்பி அனுப்பியதும் ஆள் வராததற்கு ஒரு காரணம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் மக்கள் கட்டுகிறார்கள். நாவல் தேடுகிறவருக்குக் கிடைக்கும் அதே சேவை, பாட்டு தேடுகிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

சென்னையில் 1928ஆம் ஆண்டு இரண்டு அமைப்புகள் பிறந்தன. ஒன்று சென்னை நூலகச் சங்கம், மற்றது மியூசிக் அகாடமி. நூலகச் சங்கத்தின் உழைப்பில் இருபது ஆண்டில், 1948இல், இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டங்களில் முன்னோடியான சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அகாடமியின் உழைப்பில் கீர்த்தனைகள் அச்சேறின. நூலகமும் இசையும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் கிளம்பிய இரண்டு வண்டிகள். நூறு ஆண்டு நெருங்கும் நேரத்திலாவது அவை மாவட்ட நூலக வாசலில் சந்திக்க வேண்டும்.

ஏனென்றால் புத்தகம் காத்திருக்கும், பாட்டிகள் காத்திருக்க மாட்டார்கள். ‘படி ஏற்ற மாதிரி இருக்கும்’ என்று மெட்டைச் சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்கள் சொல்லும்போதே ‘இதுவா பாரு பாட்டி’ என்று போட்டுக் காட்டினால்தான் சரியா, தப்பா என்று தெரியும். பிறகு அட்டவணை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அது சரிதான் என்று தலையாட்ட ஆள் இருக்காது.